நாற்பது இலை விழும் கிறிஸ்துமஸ் வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

கிறிஸ்துமஸ் அன்று சொந்தபந்தமெல்லாம் கூடும் பெரிய வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, கையில் என்ன வாங்கிக்கொண்டு போவது என்றுதான். என்னைக் கேட்டால் அது அப்புறம். போனதும் எந்த வேலையைப் பிடித்துக்கொள்வது என்று முதலில் முடிவு பண்ணுங்கள். அந்த வீட்டில் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் பொழுது நகராது. பெரியம்மா ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சம்பளம் எவ்வளவு என்று ஆரம்பித்து எங்கேயோ போய் முடிப்பார். கையில் வேலை இருந்தால் பாதியில் எழுந்து போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான் பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பம். டேனிஷ் மிஷன் வழி வந்த ஆற்காடு லுத்தரன் சபை. வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி நெல்லித்தோப்பில், கத்தோலிக்கக் குடும்பத்தில். என் வீட்டுக்காரரோடு பிறந்தவர்கள் நிறைய. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் என்று 25-ஆம் தேதி மத்தியானம் நாற்பது இலை விழும். வருஷத்துக்கு ஒருவராவது புதிதாகச் சேருவார்: புது மருமகள், தலைக் கிறிஸ்துமஸுக்கு வரும் மாப்பிள்ளை, ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் எங்கள் பையனோடு வந்துவிட்ட ஆபீஸ் சிநேகிதன். அவர்கள் என்னிடம் தனித்தனியாகக் கேட்டதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வருகிறோமா இல்லையா, எத்தனை பேர் என்பதை 22-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம் அத்தை, முடிஞ்சா வர்றோம்" என்பது பதிலே இல்லை. பிரியாணிக்கு 1 கிலோ சீரக சம்பா போட்டால் எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடுவார்கள். நாற்பது பேருக்கு 5 கிலோ அரிசி, அதற்கு 5, 6 கிலோ ஆட்டுக்கறி. கறிக்கடையில் 23-ஆம் தேதியே சொல்லி வைத்தால்தான் பண்டிகையன்று விடியற்காலையில் வரிசையில் நிற்காமல் வாங்க முடியும். சொல்லாமல் ஐந்து பேர் வந்து நின்றாலும் சமாளித்துவிடுவோம். சமாளிப்பது என்றால் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்களுக்குக் கறி இருக்காது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

சரி, கையில் என்ன கொண்டுபோவது? கேக் வேண்டாம். எல்லாரும் அதையேதான் வாங்கி வருவார்கள். சாயங்காலம் பார்த்தால் ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைக்க இடம் இருக்காது. கடலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் பண்ருட்டி முந்திரிப் பருப்பு அரைக் கிலோ கொண்டுவந்தால் வீட்டுப் பெண்கள் அதை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், அந்த அளவுக்கு மரியாதை. உள்ளூர்க்காரர்கள் பகல் பதினொரு மணிக்கு வரும்போது தயிரும் பால் பாக்கெட்டும் ஐஸ் கட்டியும் வாங்கி வாருங்கள். அந்த நேரத்தில் வீட்டில் தீர்ந்துபோயிருப்பது அதுதான். யாராவது கடைக்கு ஓடவேண்டும் என்று சமையலறையில் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பையோடு உள்ளே நுழைந்தால், அந்த வருஷம் முழுக்க உங்கள் பெயர் நல்ல பெயர்தான்.

கேக் ஏன் வேண்டாம் என்றால், வீட்டில் விவிக்கம் இருக்கும். புதுச்சேரிக் கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக் என்றால் அதுதான். மைதாவின் இடத்தில் ரவை. நிறைய வெண்ணெய், நிறைய முட்டை, ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல். என் மாமியார் வீட்டிலேயே கலவையைத் தயார் பண்ணி, பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவார். டின்னில் பெயர் எழுதி ஒட்டுவது பேரப்பிள்ளைகள் வேலை. ஒட்டாவிட்டால் எதிர்வீட்டுக் கேக் நம் வீட்டுக்கு வந்துவிடும், அப்புறம் இரண்டு வீட்டிலும் "நம்மளுது மாதிரி இல்லையே" என்று மூன்று நாள் பேச்சு. துண்டு சின்னதாகத்தான் வெட்டுவார்கள், கனமான கேக். கடைக் கேக் மாதிரி மெத்தென்று இல்லை என்று மாமியார் காதுபடச் சொல்லாதீர்கள். ரம் வேண்டாம் என்கிறவர்கள் கூச்சப்படாமல் கேட்கலாம். குழந்தைகளுக்காக ரம் சேர்க்காத டின் ஒன்று தனியாக இருக்கும். என் அம்மா வீட்டார் வந்தால் அதிலிருந்துதான் எடுப்பார்கள்.

இருபத்து நாலாம் தேதி ராத்திரி

முந்தின நாளே வந்து தங்குகிறவர்களைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் நெல்லித்தோப்பு மாதா கோயிலுக்கு. இளவட்டங்கள் லைட் பார்க்க வேண்டும் என்று மிஷன் வீதி சம்பா கோவிலுக்கோ, ரயில் நிலையம் பக்கத்து இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கோ போவார்கள். பிரான்சுக்காரச் சித்தப்பா தூமா வீதி கப்ஸ் கோயில்தான் வேண்டும் என்பார், அங்கே பிரெஞ்சிலும் பூசை நடக்கும். நீங்கள் புது ஆள் என்றால் வீட்டுப் பெரியவர்கள் போகும் கோயிலுக்கே போங்கள். பூசை நள்ளிரவை ஒட்டி என்றாலும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால்தான் உள்ளே உட்கார இடம். இல்லாவிட்டால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. வடகிழக்குப் பருவமழை அந்த வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் எட்டிப்பார்க்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாவிட்டாலும் பனி இறங்கும், கைக்குழந்தைக்குத் தொப்பி.

வேறு சபையோ வேறு மதமோ என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாரும் எழுந்தால் எழுந்திருங்கள், முழங்காலில் இருக்கும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். நன்மை, அதாவது சாமியார் கொடுக்கும் அப்பம், வாங்க வரிசை போகும்போது மட்டும் இடத்திலேயே இருங்கள், பெஞ்சில் வழி விட்டால் போதும். நன்மை வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து தண்ணீர், மருந்து தவிர எதுவும் எடுக்க மாட்டார்கள். அதனால் கோயிலுக்குப் போகும் வழியில் அன்பாகக் கடலை மிட்டாய் நீட்டாதீர்கள். வானவர் கீதம் பாடும்போது மணி எல்லாம் சேர்ந்து அடிக்கும், தூங்கின குழந்தை அப்போது எழுந்து அழும். பூசை முடிந்ததும் குடிலில் இருக்கும் குழந்தை இயேசு சுரூபத்தை முத்தமிட நெரிசல். உங்களுக்கு அது வழக்கமில்லை என்றால், செருப்புகளைக் காவல் காக்கிறேன் என்று சொல்லுங்கள். நாற்பது ஜோடியில் ஒன்று காணாமல் போனாலும் அன்றைய நாளே கெட்டுவிடும். அந்த உதவியை யாரும் மறக்க மாட்டார்கள்.

எங்கள் லுத்தரன் சபையில் விடியற்கால ஆராதனைதான் பெரிது. நடுராத்திரியில் விழித்திருப்பதற்கு நான் கல்யாணத்துக்கு அப்புறம்தான் பழகினேன். பகலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்தால் சமாளிக்கலாம்.

வாழ்த்துச் சொல்வதில் ஒரு வரிசை உண்டு. வீட்டில் மூத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து முதலில் அங்கே போங்கள். "ஸ்தோத்திரம்" என்று சொன்னால் போதும். நெற்றியில் சிலுவை போடுவதற்காகக் கையை உயர்த்துவார், கொஞ்சம் குனிந்து கொடுங்கள். வயதானவர்கள் எழுந்து நின்றுதான் கையைத் தூக்கவேண்டும் என்று ஆகக்கூடாது. பிரான்சிலிருந்து வந்த அத்தைமார் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார்கள். தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்த மாப்பிள்ளைகள் அங்கே திகைத்து நிற்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் காத்திருக்கும். முன்கூட்டியே கை கூப்பிவிட்டால் அவர்களும் சிரித்துக்கொண்டு கை கூப்பிவிடுவார்கள்.

பண்டிகைக் காலை

காலைப் பலகாரம் இட்லி, கறிக் குழம்பு. நீள ரொட்டியை வெட்டி அதே குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. குறைவாகச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல.

அதன் பிறகு அக்கம்பக்கத்துக்குத் தட்டு போகும். இந்த வேலையைப் புது மருமகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரே காலையில் தெரு முழுக்க அறிமுகமாகிவிடும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் யார் வீட்டிலிருந்து நமக்கு வந்ததோ அந்த வீடு ஒன்றும் விட்டுப்போகக்கூடாது. மாமியாருக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். சைவ வீடுகளுக்கு முட்டை சேர்ந்த கேக்கையும் அச்சு முறுக்கையும் வைக்காமல் அதிரசம், தேன்குழல், பழம் வையுங்கள். மூடிப் போகும் துணியைத் திருப்பி வாங்கி வாருங்கள்.

பிரியாணி எங்கள் வீட்டில் மொட்டை மாடியில், விறகில். செய்பவர் என் மூத்த மச்சாண்டார். அந்த அடுப்பிலிருந்து பத்து அடி தள்ளியே நில்லுங்கள். உப்பு போதுமா, தண்ணீர் அதிகமா என்று கேட்காதீர்கள். யூடியூப்பில் பார்த்ததை எடுத்துச் சொல்லவே சொல்லாதீர்கள். தம் போட்டு மூடி மேல் நெருப்பை அள்ளி வைத்துவிட்டு அவர் பீடி பற்றவைக்கக் கீழே இறங்குவார். பேசுவதென்றால் அப்போது பேசலாம்.

புதிதாக வந்த பெண்ணுக்கு நான் சொல்வது வெங்காயம் உரிக்கும் இடத்தில் போய் உட்காரச் சொல்லித்தான். பின்கட்டில் பாய் விரித்து ஓரகத்திகளும் நாத்தனார்களும் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய வெங்காயம் 4, 5 கிலோ, அதுபோகப் பூண்டு. ஆகவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. குடும்பத்தில் யாரோடு யார் பேசுவதில்லை, எந்தக் கல்யாணம் எதிர்ப்பில் நடந்தது, யாருக்குச் சர்க்கரை இருந்தும் மறைக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தாலும் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், எனக்கு முதல் வருஷங்களில் அது வசதியாக இருந்தது.

ஆண்பிள்ளைகளுக்கு நாற்காலி மேசை இறக்குவது, ஷாமியானாக் கயிறு இழுத்துக் கட்டுவது. இழுத்தே கட்டுங்கள். 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது டிசம்பர் 30-ஆம் தேதி. பண்டிகை வாரத்துக் காற்றை இந்த ஊரில் யாரும் லேசாக நினைப்பதில்லை.

பந்தி ஆரம்பித்ததும் எல்லாரும் பிரியாணிக் கரண்டிக்குத்தான் கை நீட்டுவார்கள். நீங்கள் தண்ணீர் ஜக்கை எடுங்கள். கரண்டி பிடிக்கிறவருக்கு எல்லாப் பக்கமும் குற்றம்: இவனுக்குத் துண்டு போட்டாய், எனக்கு எலும்பு போட்டாய். தண்ணீருக்கு ஒரு புகாரும் வராது. நாற்பது பேரிடமும் ஒரு நிமிஷம் குனிந்து "ஊத்தட்டுமா சித்தப்பா?" என்று கேட்கலாம். அவர் பெயர் என்ன, என்ன முறை என்று மறந்திருந்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால் ஜக்கு காலியாகிவிடும். சாப்பாடு முடியும்போது அந்த வீட்டில் எல்லாரோடும் பேசிய ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நான் மருமகளாக வந்ததிலிருந்து இன்றுவரை அந்த ஜக்கை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இதை எழுதிவிட்டதால் இனிமேல் போட்டி வரலாம்.

முதல் பந்தி குழந்தைகளும் வயதானவர்களும். அதற்கப்புறம் ஆண்கள், கடைசியில் சமைத்த பெண்கள் என்பதுதான் பழைய வழக்கம். எங்கள் வீட்டில் இதை மாற்றியாயிற்று: இரண்டாம் பந்தி பெண்களுக்கு, கடைசிப் பந்தி ஆண்களுக்கு. சண்டை போட்டு ஒன்றும் மாற்றவில்லை. கறியைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டாவது அண்டாவை மூடியே வைக்க ஆரம்பித்தோம், தானாக மாறியது. உங்கள் வீட்டில் இன்னும் பழைய வழக்கம்தான் என்றால், இளம் ஆண்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் மாடிக்குப் போகாமல் இலை எடுக்க நில்லுங்கள். ஒருத்தன் நின்றால் இன்னொருத்தனுக்கு மாடிக்குப் போக வெட்கமாக இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பின்னே

இனிமேல்தான் கவனம் வேண்டும். வயிறு நிறைந்து திண்ணையில் சாயும்போது பேச்சு எந்தப் பக்கமும் போகும். புதுச்சேரிக் குடும்பங்களில் தவறாமல் வருவது 1962. அந்த வருஷம் ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. எங்கள் வீட்டில் பெரிய தாத்தா எழுதிக் கொடுத்தார், சின்னத் தாத்தா கொடுக்கவில்லை. அதனால்தான் பாதிக் குடும்பம் விமானத்தில் வருகிறது, மீதிப் பாதி அவர்களைக் கூட்டி வரச் சென்னைக்குக் கார் எடுத்துக்கொண்டு போகிறது. ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. இதில் புது ஆட்கள் வாயைத் திறக்காமல் கேட்டால் நல்ல கதைகள் கிடைக்கும்.

வீட்டை இடித்து ஃபிளாட் கட்டலாமா, யார் பங்கு எவ்வளவு என்று பேச்சு திரும்பினால் எழுந்து காபி போடப் போங்கள். பண்டிகையன்று சொன்ன ஒரு வார்த்தையை அடுத்த பண்டிகை வரைக்கும் வைத்துப் பேசுவார்கள்.

"எப்போ கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்டால் "நீங்களே ஒண்ணு பாருங்க பெரியம்மா" என்று விளையாட்டாகச் சொல்லாதீர்கள். நிஜமாகவே பார்த்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பயோடேட்டா வரும். "அம்மாவைக் கேளுங்க" என்பது பாதுகாப்பான பதில். குழந்தை எப்போது என்று புதுத் தம்பதியைக் கேட்கிறவர்களை நான் நேராகவே அதட்டிவிடுவேன். எனக்கு வயதாகிவிட்டது, அதட்டலாம். நீங்கள் சின்னவர்கள், ஜக்கைத் தூக்கிக்கொண்டு நகருங்கள்.

அந்த வருஷம் வீட்டில் சாவு விழுந்திருந்தால் கதையே வேறு. எங்கள் பக்கம் வாசலில் நட்சத்திரம் தொங்காது, பலகாரம் சுட மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சமைத்த சாப்பாட்டைக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசாமல் தவிர்ப்பதுதான் நாகரிகம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் பேசத்தான் ஆசைப்படுவார்கள்.

நாலு மணிக்கு ஹவுஸி, ஒருத்தர் எண் கூப்பிடக் கூப்பிட நம் டிக்கெட்டில் அடித்துக்கொண்டே வரும் விளையாட்டு. டிக்கெட்டில் மூன்று வரிசையாக 15 எண், கூப்பிடுவது 1-லிருந்து 90 வரைக்கும். முதல் ஐந்து எண் அடித்தவருக்கு ஒரு பரிசு, வரிசைக்கு ஒன்று, முழுவதும் அடித்தவருக்குப் பெரிசு. பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றி வாருங்கள், ஐந்நூறை நீட்டினால் அத்தை முறைப்பார். எண் கூப்பிடுகிற பையன் வேகமாகக் கூப்பிட்டால் காது மந்தமான பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கள். யாருக்கு யார் ரகசியமாகப் பரிசு வாங்குவது என்று கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட் சீட்டு குலுக்கியிருந்தால் பரிசைப் பிரிப்பதும் இதே நேரம். பரிசுக்கு எவ்வளவு என்று பேசி வைத்த தொகையைத் தாண்டாதீர்கள். தாராளமாக வாங்கிக் கொடுத்தால் பக்கத்தில் இருக்கிறவருடைய சோப்பு டப்பா சிறுத்துப்போகும்.

பிரான்சில் இருக்கிறவர்களோடு வீடியோவில் பேசுவதற்கும் இதுதான் சரியான நேரம். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். நம் நாலரை மணி அவர்களுக்கு மத்தியானம் பன்னிரண்டு. காலையில் குளித்ததும் கூப்பிட்டால் அங்கே நடுராத்திரி. போனை ஒவ்வொருவர் முகத்துக்கும் நீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றும் வேலைக்கும் ஒரு ஆள் வேண்டும். அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

கிளம்புவது

பிள்ளைகள் பீச்சுக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

மறுநாளும் தங்குகிறவர்களுக்கு ஒன்று. டிசம்பர் 26 அன்று என் அம்மா வீட்டுப் பக்கம் கடலுக்கு உல்லாசமாகக் கிளம்ப மாட்டார்கள். 2004-இல் சுனாமி வந்த நாள். தேவனாம்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுவார்கள். அன்றைக்கு சில்வர் பீச்சில் செல்ஃபி எடுக்கலாமா என்று கடலூர்ச் சொந்தங்களிடம் கேட்காதீர்கள்.

கடலூர் திரும்புகிறவர்கள் இருட்டுவதற்கு முன் கிளம்புங்கள். சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரம்தான், ஆனால் பண்டிகையன்று மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் என்று ஊர்ந்துதான் போகும். மாடியில் ஒரு கிளாஸ் எடுத்தவர் கையில் சாவி இருக்கக்கூடாது, பஸ்ஸில் போகட்டும். மாமா அன்பாக ஒரு பாட்டிலைப் பையில் செருகுவார். வாங்காதீர்கள். புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம், ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் முன்னால் அது வேண்டாம்.

பாட்டிலுக்குப் பதில் டிபன் கேரியர் வரும், அதை மறுக்காதீர்கள்: கீழடுக்கில் பிரியாணி, மேலே விவிக்கம். வீட்டுக்குப் போனதும் பிரியாணியை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், மத்தியானத்திலிருந்து வெளியில் இருந்தது. கேரியரைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை, நாலு பழமாவது போட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று ராஜாக்கள் திருநாள், ஜனவரி 6, முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் குடிலைப் பிரிக்க மாட்டோம். அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை சுரூபங்களைப் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆள் தேவைப்படும். கேரியரோடு அன்றைக்கு வாருங்கள், சாப்பாடு சாம்பாரும் கருவாட்டுத் தொக்கும்தான்.